ஒரு நூல் சாய்த்து வைத்த டெக்

கண்ணுகளா, போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் வந்திருந்தபோது கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. சின்னவனே, நீ அந்த கேசட் டெக்கைத் தடவிப் பார்த்துவிட்டு, "அப்பா, இது விண்டேஜ் பீஸ்ப்பா. இதுக்குன்னே அலையறவங்க இருக்காங்க. ஹெட்டு மட்டும்தான் சாஞ்சிருக்கு. எனக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் பத்து நிமிஷத்துல நேராக்கிடுவார்" என்றாய். பெரியவளே, நீயும் சேர்ந்துகொண்டாய். "பாட்டு போட்டா தலகாணிக்குள்ள இருந்து பாடற மாதிரி கேக்குது. இத வெச்சு என்னப்பா பண்றீங்க?"

"யாரும் அதத் தொட வேணாம்" என்று கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன். நீங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டீர்கள். அப்பாவுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். அம்மா சமையலறையிலிருந்து சிரித்தாள்.

எனக்குப் பேசிப் புரியவைக்க வராது. பத்தாவது வரை படித்ததை வைத்து எழுதப் பார்க்கிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் பாண்டி பஜாரில் ஒரு பிளவுஸ் கடையில் கட்டிங் மாஸ்டர். நாம் மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு போர்ஷனில் குடியிருந்தோம். ஒரு அறை, ஒரு சமையல் மூலை, குழாய் பொது. தைத்த துணியைச் சில வீடுகளுக்கு நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். அப்படி அடையாறில் ஒரு வீடு. ஒருநாள் அங்கே வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே யாரோ வீணை வாசிப்பது கேட்டது. விரல் தந்தியை இழுத்துக்கொண்டு போகும் சத்தம்கூடக் கேட்டது.

"உள்ள கச்சேரி நடக்குதாம்மா? நான் அப்புறம் வரட்டுமா?" என்றேன்.

அந்த அம்மா சிரித்துவிட்டு உள்ளே திரும்பி, "கேட்டேளா, நெஜ வீணைன்னு நெனச்சுண்டான்" என்றார்கள். அதைக் கேட்டு அவர் வீட்டுக்காரர் எழுந்து வந்து என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். அங்கேதான் இந்த டெக்கை முதன்முதலில் பார்த்தேன். இரண்டு பக்கமும் மரப்பலகை, முன்னால் இரண்டு கண்ணாடி வட்டங்கள், அவற்றுக்குள் பாட்டுக்கு ஏற்ப ஆடும் முட்கள். எங்கள் தெரு டீக்கடையில் இருந்த டேப் ரெக்கார்டருக்கும் இதற்கும் உறவே இல்லை. ஒரு பாட்டைப் பதிந்துகொண்டே, பதிந்ததை அதே நேரத்தில் கேட்கவும் அதில் வழி இருந்தது. சார் ஒரு சுவிட்சை மேலும் கீழும் தட்டினார். "எது அசல், எது டேப்பு, சொல்லு பார்ப்போம்."

மூன்று தடவை சொன்னேன், மூன்றும் தப்பு. அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குத் துணி இருந்தாலும் அடையாறு வழியாகத்தான் போனேன். ஒரு வருஷம் கழித்து அவர்கள் மகள் இருக்கும் வெளிநாட்டுக்கே குடிபோவதாக வீட்டைக் காலிசெய்தார்கள். சார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "வெல தெரிஞ்சவா நெறைய பேர் கேட்டுண்டிருக்கா. ஒனக்குக் கேக்கத் தெரியறது. எடுத்துண்டு போ" என்றார். சும்மா வாங்கிக்கொள்ள மனம் வரவில்லை. என்ன கொடுத்தேன் என்று அம்மாவிடமே இன்றுவரை முழுதாகச் சொன்னதில்லை, அதனால் இங்கேயும் வேண்டாம்.

ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பச்சைக் குழந்தை மாதிரி என்று எழுதலாம். ஆனால் பிறந்தபோது நீங்கள் இருந்ததைவிட அது கனம். வீட்டில் அலமாரித் தட்டைத் துடைத்து, வைத்து, பிளக்கைச் செருகி, கேசட்டைப் போட்டேன். முட்கள் ஆடின. விளக்கு எரிந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. எல்லாத் திருகையும் திருகினேன்.

அம்மா இடுப்பில் கைவைத்து நின்றாள். "ஏங்க, முள்ளு ஆடுது. பாட்டு எங்க?"

"இரு, வரும்."

"இதுக்கு வாயே காணோமே. வாய் எங்க இருக்குன்னு கேட்டுட்டு வந்தீங்களா?"

கேட்கவில்லை. டெக் என்றால் டெக் மட்டும்தான், அது பாடுவதற்கு ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் தனியாக வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. லஸ் பக்கம் சந்துக்குள் ஒரு ரேடியோ மெக்கானிக் இருந்தார். அவரிடம் ஓடினேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இன்னா மாஸ்டரு, பொண்ண இட்டுகினு வந்துட்டு வாய அடையாறுலயே வுட்டுட்டு வந்துட்டியா?"

ஆனால் வந்து பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். மூடியைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தார். கேசட் போய் உட்காரும் இடத்தில் பளபளவென்று ஒரு சின்ன உலோகத் துண்டு. அதுதான் ஹெட், டேப்பைத் தொட்டுச் சத்தத்தைப் பதிவதும் எடுப்பதும். அதன் பக்கத்தில் கடுகு அளவில் ஒரு ஸ்க்ரூ. அதன் தலையில் சிவப்பு பெயிண்டால் ஒரு பொட்டு. "கம்பெனி வெச்ச பொட்டு. அத மட்டும் தொடாத நைனா. ஹெட்டு டேப்புக்கு நேரா நிக்கணும். ஒரு நூலு சாஞ்சா பூட்ச்சு" என்றார்.

எனக்கு அது நன்றாகவே விளங்கியது. துணியை நேரிழையில் வைத்து வெட்ட வேண்டும். இழை ஒரு நூல் சாய்ந்தால், எவ்வளவு நல்ல பட்டாக இருந்தாலும் ரவிக்கை ஒரு தோளில் இழுக்கும்.

அவர் ஆம்ப்ளிஃபையரையும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளையும் கூட்டிச் சேர்த்துக் கொடுக்கச் சில மாதங்கள் ஆயின. அதுவரை டெக்கில் இருந்த ஒரு துளையில் ஹெட்போன் மாட்டிக் கேட்டோம். இருந்தது ஒரே ஹெட்போன். நீங்கள் தூங்கும் மத்தியான நேரம், எனக்கு விடுமுறை நாளாக இருந்தால், நானும் அம்மாவும் தலையோடு தலை வைத்துச் சுவரோரம் உட்காருவோம். ஒரு பக்கம் அவள் காதில், ஒரு பக்கம் என் காதில். எனக்கு வீணை, அவளுக்கு மிருதங்கம். பாதி பாட்டில் அவள் முழங்கையால் இடிப்பாள்: "போதும், இப்ப வீணைய எனக்குக் குடுங்க." மாற்றிக்கொள்வோம். ஸ்பீக்கர் வந்த பிறகு முழுப் பாட்டும் கேட்டது. ஆனாலும் நாங்கள் அதே சுவரோரம் அதே மாதிரிதான் உட்கார்ந்திருந்தோம்.

அதற்கு அடுத்த வருஷம் அம்மா மஸ்கட்டுக்குப் போனாள். ஒரு வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை, இரண்டு வருஷ ஒப்பந்தம். நமக்கென்று ஒரு வீடு வேண்டும் என்பது அவள் ஆசை, எனக்கும்தான். யார் போகச் சொன்னது என்று இப்போது யோசித்தால், இரண்டு பேரும்தான். பெரியவளுக்கு ஐந்து வயது. சின்னவனே, உனக்கு ஒன்றரை. உங்கள் அத்தை வந்து நம்மோடு இருந்தாள். நீ நான்கு நாள் அழுதாய், ஐந்தாம் நாள் அழவில்லை. அழாமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து அவள் வரும்போது இந்தப் பிள்ளைக்கு அவளை யாரென்று தெரியுமா? அந்த இரண்டு வருஷமும் நான் துணி வெட்டினேன், சாப்பிட்டேன், சிரிக்கக்கூடச் சிரித்தேன். ஆனால் அடியில் இந்த ஒரு கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது வெளிநாட்டுக்குப் போன் பேசுவதென்றால் பூத்தில் மீட்டர் ஓடும்; ஒரு நிமிஷத்தில் அழத்தான் நேரம் இருக்கும். கடிதம் எழுதினால் உங்களுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் வளைகுடா போனவர்கள் எல்லாரும் செய்ததையே நாங்களும் செய்தோம். கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்து அனுப்புவது.

முதல் கேசட் மஸ்கட்டிலிருந்து சாந்தோமுக்கு ஊர் திரும்பிய ஒருவர் மூலமாக வந்தது. அத்தை உங்களுக்குத் தலைசீவி, பூ வைத்து, விசேஷத்துக்கு உட்காருவது மாதிரி ஸ்பீக்கருக்கு முன்னால் உட்காரவைத்தாள். நான் பிளேயை அழுத்தினேன். சத்தம் வந்தது. ஆனால் கிணற்றுக்குள் ஜமக்காளத்தைப் போர்த்திக்கொண்டு யாரோ பேசுவது மாதிரி இருந்தது. என்ன சொல்கிறாள் என்று ஊகிக்கலாம். அவள் குரலில் ஒரு கீச்சு உண்டு, சிரித்துக்கொண்டே பேசும்போது "ச" வருமிடத்தில் விசில் மாதிரி ஒன்று வரும். அது எதுவுமே இல்லை.

பெரியவளே, நீ கொஞ்ச நேரம் கேட்டாய். பிறகு எழுந்து, "இது அம்மா இல்ல" என்றாய்.

"அம்மாதான் பாப்பா."

"இல்ல. வேற யாரோ. அம்மாவப் போடுங்க."

சின்னவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தீப்பெட்டியை உருட்டிக்கொண்டிருந்தான்.

மறுநாள் கேசட்டோடு மெக்கானிக்கிடம் போனேன். அவர் வீட்டுக்கு வந்து, கேட்டுவிட்டு, ஒரு கடைப் பாட்டைப் போட்டுப் பார்த்தார். பாட்டு கண்ணாடி மாதிரி இருந்தது.

"உன் மெஷினு சொக்கத் தங்கமா கீது மாஸ்டரு. உங்க வூட்டம்மாவாண்ட அங்க இருக்கிற டேப் ரெக்கார்டருதான் அட்டு. அதோட ஹெட்டு சாஞ்சிகினு கீது. சாஞ்சி பதிஞ்சத நேரா நின்னு கேட்டா இப்டித்தான்."

"அதுக்கு என்ன பண்றது?"

"மஸ்கட்டுக்குப் போய் அத நிமுத்து."

"விளையாடாதீங்க. வேற வழியே இல்லையா?"

அவர் மூடியை மூடினார். மறுபடி கேட்டேன். "கீது. உன்னுத நீ சாய்க்கணும். ஆனா நான் அந்தப் பொட்ட ஒடைக்க மாட்டேன் நைனா. இந்த மாதிரி மெஷின நான் இனிமே பாக்கப்போறது இல்ல. ஒடைச்சா கம்பெனி வெச்ச இடத்துக்குத் திரும்பிக் கொண்டாற எங்கிட்ட கருவி இல்ல. அப்புறம் ஊர்ல இருக்கிற எல்லாப் பாட்டும் உனக்கு ஜமக்காளத்துக்குள்ளதான்."

அவர் போய்விட்டார். மூன்று நாள் நான் டெக்கின் பக்கமே போகவில்லை. பொய் சொல்லக்கூடாது: பிள்ளைகளா பாட்டா என்று கேட்டால் எந்தத் தகப்பனும் யோசிக்க மாட்டான் என்று நினைப்பீர்கள். நான் யோசித்தேன். கடையில் பகல் முழுக்க நின்றுவிட்டு வந்து அந்த வீணையைக் கேட்கும் அரை மணி நேரம்தான் அவள் இல்லாத வீட்டில் எனக்கென்று இருந்தது. கண்ணை மூடினால் அவள் முழங்கை இடிக்கும். அதுவும் போய்விடுமே என்று இருந்தது.

நான்காம் நாள் மத்தியானம் அத்தை சின்னவனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சுவரில் இருந்த எங்கள் கல்யாண போட்டோவைக் காட்டி, "குட்டி, இது யாரு?" என்று கேட்டாள். நீ என்னைக் காட்டி "அப்பா" என்றாய். "இது?" ஒன்றும் சொல்லவில்லை. அத்தை என்னைப் பார்க்காமல் சமையல் மூலைக்குப் போய்விட்டாள்.

தையல் மிஷினுக்கு வைத்திருந்த மெல்லிய ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். அம்மாவின் கேசட்டை ஓடவிட்டு, அந்தக் கடுகு ஸ்க்ரூவில் முனையை வைத்தேன். சிவப்புப் பொட்டு சட்டென்று வெடித்து உதிர்ந்தது. வலப்பக்கம் கொஞ்சம் திருப்பினேன். இன்னும் மோசமானது. இடப்பக்கம் திருப்பினேன். முதலில் மூச்சு கேட்டது. அப்புறம் பின்னால் ஒரு ஏ.சி. ஓடும் சத்தம். அப்புறம் ஜமக்காளத்தை யாரோ ஒரு ஓரத்திலிருந்து மெல்ல உருவியது மாதிரி, அவள் குரல்.

"...சாப்பிட்டியா பாப்பா? தம்பி சேட்டை பண்றானா? அவன் காதக் கடிச்சிடுவேன்னு அம்மா சொன்னேன்னு சொல்லு..."

பெரியவளே, நீ வாசலில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தவள் அப்படியே ஓடிவந்தாய். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாய். "எப்பப்பா வந்தாங்க?" என்று கேட்டாய்.

அன்று நாங்கள் பதில் பேசி அனுப்பினோம். எதில் என்று கேளுங்கள். அதே கேசட்டில்தான், அவள் பேசியதன் மேலேயே. பக்கத்து வீட்டுக் கிண்ணத்தில் குழம்பு வந்தால் அதை வெறுமனே கழுவித் திருப்பிக் கொடுப்போமா? கொஞ்சம் சர்க்கரையாவது போட்டுத்தானே கொடுப்போம். அத்தை அதையேதான் சொன்னாள்: "வந்த கேசட்டத் திருப்பி அனுப்பாம வெச்சுக்கக்கூடாதுடா. வெறுமனேயும் அனுப்பக்கூடாது." எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அவளும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள். எங்கள் பேச்சின் மேல் அவள் பேசுவாள், அவள் பேச்சின் மேல் நாங்கள். இரண்டு வருஷம் ஒரே கேசட் கடலைத் தாண்டித் தாண்டி வந்தது. ஒவ்வொரு தடவையும் பதிவதற்கான சிவப்புப் பொத்தானை அழுத்தும்போது, முந்தினது அழிகிறது என்று எனக்கு உறைக்கவே இல்லை. உயிரோடு இருக்கிறவள் பேச்சு, இன்னும் பேசுவாள் என்ற தைரியம்தான்.

எங்கள் முதல் பதிலுக்கு அவள் பேசி அனுப்பியதில் ஒன்று சொன்னாள். "ஏங்க, என்ன பண்ணீங்க? இங்க எந்தக் கேசட்டப் போட்டாலும் ஒரே மந்தமா இருக்கும். நீங்க பேசினது மட்டும் பக்கத்துல ஒக்காந்து பேசற மாதிரி இருக்கு. குட்டி மூக்க உறிஞ்சறதுகூடக் கேக்குது." எனக்கு அதுவரை அது தோன்றவில்லை. அவள் பக்கம் சாய்த்து வைத்ததால், நான் பதிந்ததும் அதே சாய்வில் பதிந்து அவளுக்கு நேராகப் போயிருக்கிறது.

பாட்டு போனது. ஒருமுறை வீணைக் கேசட்டைப் போட்டுப் பார்த்தேன், பாதியில் நிறுத்திவிட்டேன். பிறகு போடவில்லை. ஸ்பீக்கரில் ஏதோ இரைச்சல் என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டபோது அவர் முதல் வேலையாக ஒரு பாட்டைப் போட்டார். இரண்டு வரி கேட்டுவிட்டு என்னை முறைத்தார்.

"தொட்டியா?"

"தொட்டேன்."

"வெட்டணும் உன் கைய."

நான் அம்மாவின் கேசட்டைப் போட்டேன். அவர் குந்தியபடியே முழுப் பக்கமும் கேட்டார். முடிந்ததும், "வூட்ல நகப்பாலீசு கீதா?" என்றார். அத்தை அம்மாவின் சின்னக் குப்பியைத் தேடிக் கொடுத்தாள். அந்த ஸ்க்ரூ இருந்த இடத்திலேயே, சாய்ந்த சாய்விலேயே, ஒரு பொட்டு வைத்தார். "பொட்டு இல்லன்னா ஆட்டத்துல தானா லூசாயிடும். இனிமே இங்கயே நிக்கும்" என்றார். இரைச்சலைச் சரிசெய்ததற்கும் எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை.

அம்மா திரும்பி வந்தாள். மீனம்பாக்கத்தில் வெளியே வந்தவளைப் பார்த்ததும் பெரியவள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். சின்னவன் என் வேட்டிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவள் கையை நீட்டினாள். சின்னவனே, நீ போகவில்லை. அவள் அழவில்லை, நீட்டிய கையை மடக்கி, பையை எடுக்கிற மாதிரி குனிந்துகொண்டாள். நான் இரண்டு வருஷமாகப் பயந்தது இதுதான்.

டாக்ஸியில் அவள் பெரியவளோடு பேசிக்கொண்டே வந்தாள். நீ என் மடியில் இருந்தபடி அவள் வாயையே பார்த்துக்கொண்டு வந்தாய். வீட்டுக்குள் போனதும் அவள் சமையல் மூலையில் நின்று அத்தையோடு பேச ஆரம்பித்தாள். நீ நேராகப் போய் ஸ்பீக்கர் பெட்டியில் காதை வைத்தாய். பிறகு திரும்பிச் சமையல் மூலையைப் பார்த்தாய். மறுபடி காதை வைத்தாய். உனக்கு ஒன்றும் புரியவில்லை.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அம்மா என்னைக் கையமர்த்தினாள். சத்தம் போடாமல் சுவரோரமாக வந்து, அந்தப் பெட்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்தாள். "குட்டி, அம்மா வந்துட்டேன். சேட்டை பண்ணியா? காதக் கடிக்கட்டுமா?" என்றாள்.

நீ சிரித்தாய். பெட்டியின் முன்பக்கத் துணியைத் தட்டினாய். "அம்மா" என்றாய், பெட்டியிடம்.

"பின்னாடி வந்து பாரு."

நீ ஒரு கையைப் பெட்டியின் மேல் வைத்தபடியே மெல்லச் சுற்றிப் போனாய். பாதி வழியில் நின்று என்னைப் பார்த்தாய். நான் தலையாட்டினேன். போனாய். அதற்குப் பிறகு உங்கள் இரண்டு பேர் சத்தமும் பெட்டிக்குப் பின்னாலிருந்துதான் வந்தது.

அடுத்த நாள் சாயங்காலம் அம்மா உங்கள் இருவரையும் கடற்கரைக்கு அழைத்துப் போனாள். அத்தையும் போனாள். நான் கடையிலிருந்து வந்தபோது வீட்டில் யாரும் இல்லை. அவள் கைப்பையிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்திருந்த பொருட்களுக்கு நடுவில் கேசட் இருந்தது. நாங்கள் கடைசியாக அனுப்பியது. ஊருக்குக் கிளம்பும் நேரமாகிவிட்டதால் அவள் அதன் மேல் பேசவில்லை. டெக்கில் போட்டேன். பெரியவள் ஒன்று முதல் நூறு வரை சொன்னாள், அறுபத்தாறை விட்டுவிட்டு. சின்னவன் நாய் மாதிரி குரைத்தான். நடுவில் நான், "அம்மாகிட்ட பேசு குட்டி, அம்மாகிட்ட" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இதற்கு முந்தினது எல்லாம், அவள் பேசியதும் நாம் பேசியதும், எதுவுமே மிச்சமில்லை. இந்த ஒன்றுதான். இதுவும் இந்த ஒரு மெஷினில்தான் இப்படிக் கேட்கும்.

கேசட்டை வெளியே எடுத்தேன். அதன் முதுகில் இரண்டு ஓரத்திலும் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் பற்கள் இருக்கும்; அவை இருக்கும்வரைதான் அதன் மேல் பதிய முடியும். ஜன்னலோரம் வெளிச்சத்துக்குப் போய், பட்டன் காஜா வெட்டும் கத்தரியின் முனையை இடப்பக்கத்துப் பல்லில் வைத்து நெம்பினேன். அது தெறித்து எங்கேயோ விழுந்தது. கேசட்டைத் திருப்பிப் பிடித்து, அடுத்த பல்லையும் உடைத்தேன்.